செம்பனைக் காட்டிலிருந்து வரும் நோயாளி

வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், உடம்பெல்லாம் வேர்வை. மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் கிளினிக் நடத்தும் மருத்துவரிடம் இந்த நான்கையும் சொல்லிக்கொண்டு ஒரு வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தால், நோயாளி அட்டையில் முதலில் எழுதப்படுவது உணவு நஞ்சு என்பதாகத்தான் இருக்கும். பெரும்பாலான நாள்களில் அது சரியாகவும் இருக்கும். விடுதியில் விடியற்காலையில் வடித்த சோறு, நண்பகல் வெயிலில் தூக்குச் சட்டிக்குள் புளித்துப்போவது புதிய செய்தி அல்ல. ஆனால் காலையில் முதுகில் தெளிப்பானைச் சுமந்து பூச்சிமருந்து அடித்தவருக்கும் இதே நான்கும் வரும். முதலாமவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் போதும். இரண்டாமவருக்கு அட்ரோபின் என்ற நச்சுமுறி மருந்து தேவைப்படலாம்.

நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப் பக்கத்தில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தினசரிப் பிழைப்பு. பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தீவும் ஜார்ஜ்டவுனும் நினைவுக்கு வரும். பாலத்துக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை, நெல், காய்கறி, கோழிப்பண்ணை, பன்றிப்பண்ணை, இறால் குளம் என்று இன்னொரு பினாங்கு இருக்கிறது. அதில் உழைப்பவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளத்தவர், மியன்மார்க்காரர். சில தோட்டங்களில் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்களும் உண்டு. இவர்களைப் பார்க்கும் மருத்துவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கே உதவி கேட்கலாம் என்பதைப் பற்றி எழுதச் சொல்லி இளம் மருத்துவர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது. மருத்துவர் அல்லாதவர்கள் நடுவில் வரும் மருந்துப் பெயர்களைத் தாண்டிப் படிக்கலாம்.

முதலில் கண்மணி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரு வகைப் பூச்சிக்கொல்லிகளும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலின் தேங்கி நிற்கிறது. விளைவு: உடம்பிலுள்ள சுரப்பிகள் எல்லாம் திறந்துகொள்கின்றன. எச்சில், கண்ணீர், மூக்குநீர், வேர்வை, நெஞ்சுக்குள் சளி. கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது. தொடைத் தசையும் இமையும் தன்னாலே துடிக்கின்றன. நாடி மெல்ல அடிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. சிலருக்கு வேகமாகவும் அடிக்கும், அதை நம்பி ஏமாறக் கூடாது. வெயிலில் சோர்ந்தவருக்கும் வேர்வை கொட்டும், தலை சுற்றும். ஆனால் அவருடைய வாய் உலர்ந்திருக்கும், கண்மணி சுருங்கியிருக்காது. டார்ச் அடித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது?

சந்தேகம் வந்துவிட்டால் சட்டையைக் கழற்றச் சொல்வதே முதல் சிகிச்சை. நஞ்சு இன்னும் துணியில் இருக்கிறது, தோல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் போட்டு உடம்பையும் முடியையும் கழுவ வேண்டும். கழுவுகிற தாதி கையுறை போட்டிருக்க வேண்டும். அட்ரோபினை எப்போது நிறுத்துவது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கண்மணி விரிந்ததும் நிறுத்துவது தவறு. நெஞ்சில் சளியொலி அடங்குவதுதான் அளவுகோல். இதற்கெல்லாம் கிளினிக்கில் இடமில்லை என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை செய்ய முடிந்தது கழுவுதலும் மூச்சுப் பாதையைக் காப்பதும்தான். அதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

தொலைபேசியில் யாரைக் கேட்பது என்ற கேள்வியில் பினாங்குக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். தேசிய நச்சு மையம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 1994-இல் தொடங்கி, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் இயங்குகிறது. மருத்துவர் கேட்டாலும் பொதுமக்கள் கேட்டாலும் பதில் சொல்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: என்ன மருந்து? இந்த இடத்தில்தான் நம்மில் பலர் விழிக்கிறோம். நோயாளிக்குப் பெயர் தெரியாது. கூட வந்தவர் ‘புல்லு மருந்து’ என்பார், அல்லது மூடியின் நிறத்தைச் சொல்வார். எனவே நோயாளி வருகிறார் என்று தோட்டத்திலிருந்து அழைப்பு வந்ததுமே, போத்தலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எங்கள் முன்மேசைப் பெண்ணைப் பழக்கியிருக்கிறேன். 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் லேபிளில் செயல்படும் பொருளின் பெயரும் விழுக்காடும் இருக்க வேண்டும். அடியில் நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ணப் பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் மேல் வகுப்பு, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் வெள்ளை. வெள்ளைப் பட்டையைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். களத்தில் இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்தே அடிக்கிறார்கள். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றிக் கொண்டுபோகும் வழக்கமும் சாகவில்லை.

அந்த லேபிளைப் பற்றி ஒன்று. இந்நாட்டுப் பூச்சிக்கொல்லிப் போத்தல்களில் மலாய், ஆங்கிலத்தோடு சீனமும் தமிழும் அச்சாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு காலத்துத் தோட்டத்தின் படம். தமிழ் இருந்ததற்குக் காரணம், மருந்தடித்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். என் பாட்டி அந்த வேலை செய்தவர். ரப்பர் பால் வெட்டுக்கு ஒரு கூலி, மருந்தடிப்புக்கு ஒரு கூலி. ஆண்கள் உயர்ந்த கூலி வேலைக்குப் போனதும் தெளிப்பான் பெண்களின் முதுகுக்கு வந்தது. நகம் கறுத்து உதிர்வதும், மூக்கில் இரத்தம் வடிவதும், முதுகில் தோல் வெந்துபோவதும் எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், யாருக்கும் நோயாகத் தெரியவில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கைவரிசை அது என்று மருத்துவக் கல்லூரியில்தான் எனக்குத் தெரிந்தது.

பாராகுவாட்டின் கதையை இங்கே மருத்துவம் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2002-இல் மலேசியா அதைத் தடை செய்யும் முடிவை அறிவித்தது. தொழிலாளர் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸும், பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை அமைப்பும் மருந்தடிக்கும் பெண்களிடம் நேரில் பேசி, அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்பதைப் பதிவு செய்திருந்த காலம் அது. தோட்டத் தரப்பின் எதிர்ப்புக்குப் பிறகு 2006-இல் தடை தளர்ந்தது. மறுபடி முழுத் தடை நடைமுறைக்கு வந்தது 2020 சனவரி 1-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை நுரையீரல்கள் என்று கணக்குப் போட எனக்கு மனமில்லை. மருத்துவருக்கு வேண்டிய செய்தி இதுதான்: பாராகுவாட் குடித்தவருக்கு ஆக்ஸிஜன் நன்மை செய்யாது, தீமையை வளர்க்கும், இரத்தத்தில் ஆக்ஸிஜன் மிகவும் குறைந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூச்சு வாங்குபவரைப் பார்த்ததும் நம் கை தானாக முகமூடியை எடுக்கும், அதை அடக்க வேண்டும். தடை வந்துவிட்டது, இனி இந்த நஞ்சைப் பார்க்கவே மாட்டோம் என்று நினைப்பதும் அவசரம்.

அதன் இடத்துக்கு வந்த களைக்கொல்லிகளில் குளுபோசினேட் ஒன்று. அதைக் குடித்தவர் முதல் சில மணி நேரம் நன்றாகவே இருப்பார், நடந்துவருவார், பேசுவார். பிறகு வலிப்பும் மூச்சு முடக்கமும் வரும். ‘ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று வீட்டுக்கு அனுப்பத் தூண்டும் நஞ்சு அது. அனுப்பாதீர்கள்.

பழைய தோட்டங்களில் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் இருந்தார். பெரிய தோட்டங்கள் மருத்துவமனை வைத்திருக்க வேண்டும் என்று காலனியாட்சிக் காலத் தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியது. கருணை அங்கே குறைவு. காய்ச்சலில் விழுந்தவரால் பால் வெட்ட முடியாது என்ற கணக்குத்தான். கிள்ளானில் மால்கம் வாட்சன் 1901-இல் சதுப்பு நிலத்தை வடித்து மலேரியாவை அடக்கியதன் பின்னாலும் அந்தக் கணக்கு உண்டு. ஆனாலும் டிரஸ்ஸருக்கு ஒரு பெருமை இருந்தது. எந்த வீட்டில் யார், எந்தக் காட்டில் வேலை, இன்றைக்கு மருந்தடிப்பா வெட்டா, எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் குடிகாரராகவோ முன்கோபியாகவோ இருக்கலாம். நோயாளி எங்கிருந்து வருகிறார் என்று கேட்கத் தேவையில்லாதவர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம்மவர்கள் நகரத்துப் புறம்போக்குகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள், தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் அவர்களோடு போயின. புதிதாக வந்தவர்களுக்குக் கிடைத்தது வேறு. 1997 முதல் ஃபோமேமா என்ற நிறுவனம் வழியாக வெளிநாட்டுத் தொழிலாளர்களின் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. காசநோய், எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி, சிபிலிஸ், மலேரியா, போதைப்பொருள், பெண்களுக்குக் கர்ப்பம். தேறினால் பெர்மிட், தேறாவிட்டால் விமானம். பொதுச் சுகாதாரத்துக்கு இதில் பயன் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சோதனை கேட்கும் கேள்வி, இவரால் நமக்கு ஏதும் வருமா என்பது. நம்மிடம் செய்யும் வேலையால் இவருக்கு என்ன வந்தது என்று அதில் எந்தக் கட்டமும் கேட்பதில்லை. கோலினெஸ்டரேஸ் அளவு அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, டிரஸ்ஸர் பேரேட்டில் எழுதாமலே தெரிந்துவைத்திருந்ததை, இன்றைக்கு ஒரு சாதாரண கிளினிக் மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான். மீதியெல்லாம் அதற்கு எடுத்துக்காட்டு.

1998, 1999 நினைவிருக்கிறதா? ஈப்போ சுற்றுவட்டாரத்தில் மூளைக்காய்ச்சல் பரவியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முடிவு செய்து, கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள். பன்றிப்பண்ணையில் வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குழந்தைகளை விட்டுவிட்டுப் பண்ணையாட்களை மட்டும் தேடிப்போகாது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் புதிய வைரஸைக் கண்டறிந்தார். நெகிரி செம்பிலானின் சுங்கை நீப்பா கிராமத்தின் பெயரால் அது நீப்பா ஆனது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். ஆய்வகம் வைரஸைக் காட்டியது உண்மை. ஆனால் நோயாளி என்ன வேலை செய்கிறார் என்ற ஒரு வரி, அதற்கு முன்பே அட்டைகளில் கிடந்தது.

காய்ச்சலுக்கு வருகிறேன். செம்பனைக் காட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவருக்கு டெங்கி சோதனை எதிர்மறையாக வந்ததும் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று எழுதி பாரசிட்டமால் கொடுப்பது எளிது. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் எலிக்காய்ச்சல் இருக்கும். 2010 முதல் அது அறிவிக்க வேண்டிய நோய். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணும் இருந்தால் மஞ்சள் காமாலைக்காகக் காத்திருக்க வேண்டாம். அடுத்தது உண்ணிக் காய்ச்சல் என்று நாட்டில் சொல்லும் ஸ்கிரப் டைபஸ். அக்குள், தொடையிடுக்கு, பெண்களுக்கு மார்பின் கீழ் ஒரு கறுத்த பொருக்கு. வலிக்காது, நோயாளி சொல்ல மாட்டார், ஆடை அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். டாக்சிசைக்ளின் மலிவான மருந்து. எலிக்காய்ச்சலின் தொடக்கத்துக்கும் இதற்கும் இரண்டுக்கும் வேலை செய்யும்.

ஸ்கிரப் டைபஸின் வரலாற்றில் கோலாலம்பூருக்கு ஒரு தனி இடம் உண்டு, நம்மில் பலர் மறந்துவிட்டோம். அங்குள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1920-களில் பிளெட்சரும் அவருடைய குழுவினரும், செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடம் கண்ட காய்ச்சலை நகரத்துக் காய்ச்சலிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். 1948-இல் அதே கோலாலம்பூரில்தான் ஸ்மாடெல் தலைமையிலான குழு குளோரம்பெனிகாலைக் கொடுத்து ஸ்கிரப் டைபஸைக் குணப்படுத்தியது. உலகத்துக்கே பாடம் சொன்ன ஊரில் இன்றைக்கு அந்தப் பொருக்கைத் தேடிப் பார்ப்பவர் குறைவு என்பது எனக்கு எரிச்சல் தரும் விஷயம்.

மலேரியாவையும் விட்டுவிட முடியாது. மனித மலேரியா உள்ளூரில் 2018 முதல் இல்லை என்று மலேசியா சொல்வது சரியே. குரங்கிலிருந்து வரும் நோலெசி வகை காட்டோரத் தோட்டங்களில் இருக்கிறது. நுண்ணோக்கியில் அது சாதுவான மலேரியே வகையைப் போல ஏமாற்றும், ஒரே நாளில் பெருகும்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாக: செம்பனை மட்டை முள் குத்தி, தூசி விழுந்து சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுக்கவே கூடாது. பூஞ்சைப் புண் இருந்தால் கண் போய்விடும்.

இப்போது மொழிபெயர்ப்பாளர். நோயாளியோடு எப்போதும் ஒருவர் வருகிறார். மண்டோராக, அதாவது வேலையை மேற்பார்ப்பவராக இருக்கலாம், ஏஜென்டின் ஆளாக இருக்கலாம், முதலாளியின் மகனாகவும் இருக்கலாம். நோயாளி வாயைத் திறக்கும் முன்பே அவர் பேசிவிடுவார்: “வெயில் தலைக்கேறிவிட்டது டாக்டர், ஓர் ஊசி போட்டு அனுப்புங்கள், நாளைக்கு லோடு இருக்கிறது.” கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. காலையில் நோயாளியைத் தன் வண்டியில் ஏற்றி வந்து, கட்டணத்தைத் தன் பையிலிருந்து கட்டியவர் அவராகவே இருப்பார். ஆனால் கையுறை கொடுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அவர் வழியாக வரும் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவரிடம் சண்டை போட்டால் நோயாளிக்குத்தான் கேடு. “அண்ணே, உடம்பைப் பரிசோதிக்க வேண்டும், கொஞ்சம் வெளியே உட்காருங்கள்” என்று சொன்னால் எவரும் மறுப்பதில்லை. கதவு மூடிய பிறகு கிடைக்கும் அந்தச் சில நிமிடம்தான் உண்மையான ஆலோசனை நேரம்.

மொழி தெரியாத அந்த நிமிடங்களில் என்ன செய்வது? ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதீர்கள். பயந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். காலையில் எழுந்ததிலிருந்து உடம்பு முடியாமல் போனதுவரை செய்த வேலையை நடித்துக் காட்டச் சொல்கிறேன். மலாய் அரைகுறையாகத் தெரிந்தவரும், எதுவுமே தெரியாதவரும் இதைச் செய்துவிடுகிறார்கள். எத்தனையோ விஷயம் அதில் வெளியே வருகிறது. வாளியில் மருந்தைக் கையால் கலக்கும் விதம். தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டதும் அதை வாயில் வைத்து ஊதும் விதம். தொட்டி ஒழுகி முதுகில் வழிந்த தடம். சட்டையைத் தூக்கினால் அதே இடத்தில் தோல் சிவந்திருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்றுகூட ஒருவர் கையை வீசிக் காட்டினார். இதையெல்லாம் ‘பூச்சிமருந்து அடித்தாயா?’ என்ற கேள்வியால் வாங்க முடியாது. பிறகு, அவருடைய மொழி பேசும் இன்னொருவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். வேறு தோட்டத்தில், வேறு முதலாளியிடம் வேலை செய்பவராக இருந்தால் நல்லது. இன்னொரு கேள்வியையும் விடக் கூடாது: விடுதியில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? ஒரே குழுவில் மருந்தடித்த மூவருக்கு ஒரே நாளில் வாந்தி என்றால் சோற்றைச் சந்தேகிக்கலாம். மருந்தடிக்காமல் அதே சோற்றைச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தால் சோற்றை விட்டுவிடலாம்.

வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நேபாள மலைக் கிராமத்திலிருந்து வந்து இறங்கியவரை இரண்டாம் நாளே முழு நேரம் காட்டில் நிறுத்துகிறார்கள். புதியவருக்கு முதல் நாள் வழக்கமான நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும், பிறகு நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அமெரிக்காவின் தொழில் சுகாதார நிறுவனம் சொல்லும் விதி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர். நம் மருத்துவர்களின் பங்குக்கு ஒரு குறை இருக்கிறது. இடுப்புவலி, கைவலி என்று வருபவருக்கு டைக்ளோபெனாக் ஊசி போடும் பழக்கம். நோயாளியும் ஊசி கேட்கிறார், மண்டோரும் கேட்கிறார். நாளெல்லாம் வேர்த்து நீர்வற்றிய உடம்பில் அந்த மருந்து சிறுநீரகத்துக்கு விழும் அடி. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் திரும்பிய இளைஞர்களிடம் சிறுநீரகச் செயலிழப்பைப் பார்ப்பதாக நேபாள மருத்துவர்கள் எழுதிவருகிறார்கள். மத்திய அமெரிக்கக் கரும்புத் தொழிலாளர்களிடம் காணப்படும் சிறுநீரக நோய் ஏற்கெனவே பேர் பெற்றது. குலை சுமந்து முதுகு வலிப்பவருக்குப் பாரசிட்டமாலும் இரண்டு நாள் ஓய்வும் கொடுத்தால் நம் வருமானம் ஒன்றும் கெட்டுவிடாது.

படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட, பூச்சிக்கொல்லி நஞ்சை அறிதலும் சிகிச்சையும் பற்றிய கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாம் பதிப்பு 2013-இல் வந்தது. மருந்து வகை வாரியாகவும், அறிகுறி வாரியாகவும் தேடலாம். வணிகப் பெயர்கள் அந்நாட்டுக்கானவை, ஆகவே லேபிளில் உள்ள வேதிப்பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினிலிருந்து இயங்கும் புலம்பெயர்ந்தோர் மருத்துவர் வலையமைப்பு, பண்ணைத் தொழிலாளர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்காகவே பயிற்சியும் குறிப்புகளும் தயாரிக்கிறது. தொழிலாளர்களுக்காக ஸ்பானிய மொழியில் சித்திரக்கதைகள் போட்டிருக்கிறார்கள். நடுச் சிகிச்சையில் ஊர்விட்டு ஊர் போகும் காசநோயாளியை, நாடு மாறினாலும் தொலைபேசியில் தொடர்ந்து, அடுத்த மருத்துவரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. அதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையாகவே பொறாமை.

அங்கே எல்லாம் தேன் என்று சொல்லவில்லை. ஆனால் 1962-இல் கென்னடி கையெழுத்திட்ட புலம்பெயர்ந்தோர் நலச் சட்டம், பண்ணைத் தொழிலாளர்களுக்கான மருத்துவ நிலையங்களுக்கு அரசுப் பணம் போக வழி செய்தது. கலிபோர்னியாவில் 1974 முதல், ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் நஞ்சுகளைத் தொடர்ந்து கையாள்பவருக்கு முதலாளியின் செலவில் கோலினெஸ்டரேஸ் சோதனை. மருந்தடிக்கும் முன் எடுத்த அளவு அடிப்படை. அதிலிருந்து 20 விழுக்காடு குறைந்தால் வேலை முறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணுவில் 30, பிளாஸ்மாவில் 40 விழுக்காடு குறைந்தால் அந்த வேலையிலிருந்தே எடுக்க வேண்டும். 80 விழுக்காட்டுக்குத் திரும்பினால்தான் மறுபடி விடலாம். இங்கும் 2000-ஆம் ஆண்டின் அபாய வேதிப்பொருள் விதிமுறைகள், தொழில் சுகாதார மருத்துவரின் கண்காணிப்பைக் கேட்கின்றன. பெரிய நிறுவனத் தோட்டங்களில் அது நடக்கிறது. பத்துப் பதினைந்து ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து ஆள் வைத்து நடத்துபவரிடம் அடிப்படை அளவு என்று பேசினால் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். ஒரு முறை எடுத்த அளவு மட்டும் கையில் இருந்தால் அதன் பயன் குறைவு. ஆளுக்கு ஆள் இயல்பான அளவே மிகவும் வேறுபடும். நஞ்சேறியவருக்குச் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, ஏறியிருந்தால் முன்பு குறைந்திருந்தது என்று பின்னோக்கிச் சொல்லலாம். அதற்குள் அவர் இருக்க வேண்டுமே.

பணத்துக்கு வருவோம். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையில் மலேசியருக்குரிய ஒரு ரிங்கிட் கட்டணம் கிடையாது. முழுக் கட்டணமும், படுக்கையில் சேர முன்பணமும் உண்டு. 2011-இல் கட்டாயமான வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவமனைக் காப்புறுதி, தோட்டத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் கட்டாயத்துக்கு வெளியே விட்டுத்தான் தொடங்கியது. இந்தப் பின்னணியில் 2019 சனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் வெளிநாட்டவர்களும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலையிட விபத்துத் திட்டத்துக்குள் வந்தது பெரிய மாற்றம். சம்பளத்தில் 1.25 விழுக்காட்டை முதலாளி கட்டுகிறார். வேலை தொடர்பான நோயும் அதில் அடங்கும். விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக இயலாமைத் தொகை. நம் பேனாவுக்கு இருக்கும் வலு இங்கே தெரிகிறது. ஐந்து நாள் ஓய்வு தேவைப்படும் கைக்கு, மண்டோரின் முகத்துக்காக இரண்டு நாள் எழுதிக்கொடுத்து மறுபடி வரச் சொல்லும் பழக்கம், அந்த ஆளின் சோற்றில் கைவைப்பது. தேவையில்லாததைக் கூட்டி எழுதச் சொல்லவில்லை. தேவையானதைக் குறைக்காதீர்கள் என்கிறேன்.

அனுமதி ஆவணம் இல்லாதவர்களின் பாடு தனி. அரசு மருத்துவமனைகளுக்கு 2001-இல் வந்த சுற்றறிக்கைப்படி, ஆவணமில்லாத நோயாளியைப் பற்றிக் காவல்துறைக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். ஆகவே அவர்கள் கடைசி நிமிடம்வரை எங்களைப் போன்ற தனியார் கிளினிக்குகளையே சுற்றுவார்கள், மருத்துவமனைக்குப் போ என்றால் அழுவார்கள். அகதி அட்டை இருந்தால் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு என்பதாவது தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக, அறிவிக்கும் கடமை. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் அதன் கீழ் 2004-இல் வந்த விதிமுறைகளும், தொழில்சார் நஞ்சேற்றமோ நோயோ இருப்பதாக நம்பும் மருத்துவர் ஏழு நாளுக்குள் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு எழுத வேண்டும் என்கின்றன. உறுதிப்படுத்த வேண்டும் என்றுகூட இல்லை, நம்பினால் போதும். அப்படி ஒரு கடமை இருப்பதே தெரியாமல் ஓய்வுபெற்ற மருத்துவர்களை நான் அறிவேன். தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள், காரணம் வெளிப்படையானது. “வேலையால் வந்தது என்று மட்டும் எழுதாதீர்கள் டாக்டர், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒரு குத்தகைக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். எழுதினேன். அடுத்த மாதம் அவருடைய ஆட்கள் வேறு கிளினிக்குக்குப் போனார்கள். பக்கத்து ஊர் மருத்துவர் என் நண்பர். அவரிடமும் இதே வேண்டுகோள் போயிற்று, அவரும் எழுதினார். இப்போது இந்த வட்டாரத்தில் சில கிளினிக்குகளில் அறிவிப்புப் படிவம், நச்சு மையத்தின் எண், தொலைபேசியில் மொழிபெயர்க்க ஒப்புக்கொண்டவர்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு முன்மேசையில் வைத்திருக்கிறோம். அடிப்படை கோலினெஸ்டரேஸ் சோதனைக்குக் குத்தகைக்காரர்களிடமிருந்து பணம் வாங்குவது எப்படி என்பதில் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம் முடியவில்லை.